பழைய தேதி போட்டுக் கடிதம் தருகிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில் உள்ள தன்னாட்சிக் கல்லூரியில் எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் மகளிர் விடுதியின் முதலாண்டு மாணவிகளிடம் மனச்சோர்வு, தூக்கம், செல்போன் பழக்கம் பற்றி பிராஜெக்ட் செய்கிறேன். கூகுள் ஃபார்மில் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9இன் ஒன்பது கேள்விகளும், சின்ன வயதில் பட்ட கஷ்டங்கள் பற்றி ஒரு பகுதியும் இருக்கின்றன. ஒருவரே இரண்டு முறை நிரப்பக் கூடாது என்பதற்காகப் பதிவு எண்ணையும் கேட்டிருக்கிறேன். வார்டன் மேடம் லிங்கை விடுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டு, நிரப்பியதும் ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னார். 46 பேர் நிரப்பிவிட்டார்கள். "எல்லாருக்கும் சேர்த்து ஒப்புதல் கையெழுத்து நானே போட்டுத் தர்றேன்" என்றும் சொல்கிறார். கைடு இதைக் கட்டுரையாக்கி ஜர்னலுக்கு அனுப்பலாம் என்கிறார். அங்கே எத்திக்ஸ் கமிட்டி (மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு) அனுமதி எண் கேட்கிறார்கள். எங்கள் கல்லூரியில் அப்படிக் கமிட்டி இல்லை. "ரத்தமா எடுக்குறோம், ஊசியா போடுறோம், சர்வேதானம்மா" என்கிறார் கைடு. அலுவலகத்தில் பழைய தேதி போட்டு முதல்வர் கையெழுத்தோடு கடிதம் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா? மறுத்தால் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

கடிதத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 46 பேரின் பதில்கள் சேர்ந்திருக்கும் ஷீட்டைத் திறந்து, பி.எச்.க்யூ-9இன் கடைசிக் கேள்விக்கு வந்த பதில்களை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ கடந்த இரண்டு வாரத்தில் தோன்றியதா என்று கேட்கும் கேள்வி அது. "இல்லவே இல்லை" என்பதைத் தவிர வேறு எதைக் குறித்திருந்தாலும், அந்தப் பெண் தன் மனதில் இருப்பதை உங்களிடம் சொல்லிவிட்டாள். மொத்த மதிப்பெண்ணைக் கூட்டி, மனச்சோர்வு இருக்கலாம் என்று கொள்ளும் 10க்குக் கீழேதானே இருக்கிறது என்று தாண்டிப் போய்விடாதீர்கள். மற்ற எட்டுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டு ஒன்பதாவதில் மட்டும் குறிக்கிறவர்களும் உண்டு.

பதிவு எண் இருப்பதால் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். நீங்களாகப் போய் அறைக் கதவைத் தட்ட வேண்டாம். வார்டனிடம் பட்டியலையும் கொடுக்க வேண்டாம். வீட்டுக்கு போன் போகிற மாதிரி எதுவும் நடந்துவிடக் கூடாது. மனநலம் என்ற சொல்லைக் கேட்டதுமே படிப்பை நிறுத்தி ஊருக்குக் கூட்டிப் போகிற வீடுகள் நம்மிடம் நிறைய. கல்லூரியில் கவுன்சிலர் இருந்தால் அவர் தனியாக அழைத்துப் பேசட்டும். இல்லையென்றால் உங்கள் கைடு, அல்லது அவர் மூலமாக அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. யாராவது ஒருத்தி உடனடி ஆபத்தில் இருக்கிறாள் என்று பேசிய பிறகு தெரிந்தால், அப்போது ரகசியம் இரண்டாம் பட்சம். அவளைத் தனியே விடாமல் மருத்துவரிடம் சேர்ப்பதுதான் முதல் வேலை. 46 பேருக்கும் பொதுவாக ஒரு செய்தியும் அனுப்புங்கள்: அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. கட்டணம் கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

இந்த வேலைக்கு இன்னொரு பயனும் உண்டு. கைடிடம் விதி, வழிகாட்டுதல் என்று பேச்சை ஆரம்பித்தால், "எனக்கே பாடம் எடுக்கிறாயா" என்கிற இடத்தில் போய் நிற்கும். "சார், ஒன்பதாம் கேள்விக்கு 'கிட்டத்தட்ட தினமும்'னு போட்டிருக்காங்க, என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். உளவியல் ஆசிரியர் ஒருவருக்கு அதைக் கேட்டபின் "சர்வேதானம்மா" என்று சொல்ல வாய் வராது. எத்திக்ஸ் கமிட்டி உங்களிடம் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வியும் இதேதான். ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தி இதைக் குறித்தால் யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள்? பார்க்க ஆளில்லை என்றால், ஒன்பதாம் கேள்வியை விட்டுவிட்டு மற்ற எட்டை மட்டும் கேட்கும் பி.எச்.க்யூ-8 என்ற வடிவம் இருக்கிறதே என்று சொல்லியிருப்பார்கள். பெரிய கணக்கெடுப்புகளில், பதில் சொல்பவரை உடனே தொடர்புகொள்ள வழியில்லாத இடங்களில், அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இனி, ரத்தமும் ஊசியும். கைடு சொல்வது நம் கலை அறிவியல் கல்லூரிகளில் பரவலாக இருக்கும் நம்பிக்கை. அதற்குக் காரணமும் உண்டு. இந்தியாவில் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கான விதிகள் மருத்துவத்தின் பக்கமிருந்து வந்தவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நாம் ஐ.சி.எம்.ஆர். என்கிறோமே அது, 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்தான் இன்றைக்கும் அடிப்படை. சமூகவியல், உளவியல், கல்வியியல் துறைகளுக்கென்று அதே அளவு விரிவாக யு.ஜி.சி. ஒன்றைச் செய்து கொடுத்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் புகார். பிஎச்.டி.க்காரர்களுக்கு ஆராய்ச்சி, வெளியீட்டு நெறிமுறை என்று ஒரு பாடத்தைக் கட்டாயமாக்கினார்கள். எம்.எஸ்சி. பிராஜெக்ட் செய்கிறவர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் உங்கள் தலைப்பு அந்த இடைவெளியில்கூட விழவில்லை. 2019இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகளை எடுத்துப் பாருங்கள். உயிரிமருத்துவ, சுகாதார ஆராய்ச்சி என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், உடல் சார்ந்த நிலைகளோடு சமூக-நடத்தை சார்ந்த நிலைகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். மனச்சோர்வு எவ்வளவு பேருக்கு இருக்கிறது, எதோடு சேர்ந்து வருகிறது என்று கேட்கும் ஆய்வு அதற்குள் வரும். அத்தகைய ஆராய்ச்சியைப் பார்வையிடும் கமிட்டி மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. ஊசி போடாவிட்டாலும் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள்.

"ஆபத்தில்லாத ஆய்வுக்கு விலக்கு உண்டே" என்று யாராவது சொல்வார்கள். உண்டு. ஏற்கெனவே பொதுவில் கிடைக்கும் பெயரில்லாத தரவுகளை எடுத்து அலசுவது போன்றவற்றுக்குக் கமிட்டி விலக்கு தரலாம். அதற்கு அடுத்த நிலையில், ஆபத்து மிகக் குறைவு என்றால் ஓரிரு உறுப்பினர்கள் பார்த்து விரைவாக முடித்துவிடுவார்கள். மற்றவை முழுக் கமிட்டிக்குப் போகும். எது எந்த வகை என்று முடிவு செய்வது கமிட்டி, ஆய்வாளர் அல்ல. இது பலருக்கும் தெரிவதில்லை. தன் ஆய்வுக்குத் தானே விலக்கு கொடுத்துக்கொண்டு, விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுகிறார்கள். உங்களுடையதில் பதினெட்டு நிறையாதவர்கள் இருக்கிறார்கள், விடுதியில் ஒருவரின் அதிகாரத்துக்குள் இருப்பவர்கள் இருக்கிறார்கள், தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வி இருக்கிறது. நான் உட்காரும் கமிட்டிகளில் இது முழுக் கூட்டத்துக்குத்தான் வரும்.

வார்டன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது இதுதான், பழைய தேதியைவிடவும். வார்டன் நல்ல எண்ணத்தில் உதவி செய்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு முதலாண்டு மாணவியின் இடத்தில் நின்று பாருங்கள். ஊருக்குப் போக அவுட்பாஸ் தருகிறவர், தாமதமாக வந்தால் கேள்வி கேட்கிறவர், வீட்டுக்கு போன் போடுகிறவர் எல்லாம் அவர்தான். அவர் குழுவில் ஒரு லிங்கைப் போட்டு, நிரப்பி ஸ்கிரீன்ஷாட் அனுப்பு என்கிறார். அறைத்தோழிகள் எல்லாரும் அனுப்பிவிட்டார்கள். எனக்கு விருப்பமில்லை என்று அந்தப் பெண் எங்கே போய்ச் சொல்வாள்? ஸ்கிரீன்ஷாட் வராத பெயர்கள் குழுவில் தானாகத் தெரிந்துவிடும். இப்படி வாங்கிய பதில் உங்கள் ஆய்வுக்கும் உதவாது. தூக்கம் நன்றாக வருகிறதா என்று வார்டன் கேட்பதாக நினைத்துக்கொண்டு "நன்றாக வருகிறது" என்று குறித்தவர்கள் அந்த 46இல் எத்தனை பேரோ!

எல்லாருக்கும் சேர்த்து வார்டன் கையெழுத்துப் போடுவது என்பது நம் நாட்டில் நடந்து, நாடாளுமன்றம் வரை போன கதை. 2009இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டம் ஒன்று ஆரம்பித்தது. குஜராத்தின் வதோதராவிலும் இதேபோல நடந்தது. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் மாநில அரசுகளும் சேர்ந்து செய்தன. கம்மத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலர் ஆசிரமப் பள்ளி விடுதிகளில் தங்கிய பழங்குடிச் சிறுமிகள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையைத் தந்தது. ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், 1,948இல் கைநாட்டு. பெற்றோருக்கு என்ன சொன்னார்கள், சிறுமிகளுக்கு என்ன புரிந்தது என்பதற்கெல்லாம் அந்தப் படிவங்களில் பதிலே இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வேறு மாதிரி சுற்றும். அப்போது ஏழு சிறுமிகள் இறந்தார்கள். அந்த மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்க அந்தத் தடுப்பூசி இன்று பல நாடுகளில் போடப்படுகிறது. குற்றம் ஊசியில் இல்லை, கேட்ட விதத்தில் இருந்தது. நல்ல மருந்து என்பதற்காக வார்டன் கையெழுத்து ஒப்புதலாகிவிடாது என்றால், நல்ல பிராஜெக்ட் என்பதற்காகவும் ஆகாது. ரிசர்ச் மெத்தடாலஜி தாளில் ஆராய்ச்சி நெறிமுறையின் வெளிநாட்டு வரலாற்றை நியூரம்பெர்க், ஹெல்சிங்கி, டஸ்கிகீ என்று இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்கிறோம். கம்மம் நமக்குப் பக்கத்து மாநிலமாக இருந்தது, அதைப் பாடத்தில் யாரும் சொல்வதில்லை.

அடுத்து வயது. பிளஸ் டூ முடித்து நேரே வரும் பிள்ளைகளில் பலருக்குக் கல்லூரி திறக்கும்போது பதினேழுதான் ஆகியிருக்கும். ஐ.சி.எம்.ஆர். கணக்கில் பதினெட்டுக்குக் கீழே இருப்பவர் குழந்தை. பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதோடு, பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் அந்தப் பிள்ளையின் எழுத்துப்பூர்வ இசைவும் வேண்டும். அப்பா சரி என்றாலும் மகள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பெற்றோர் ஒப்புதலை விலக்கித் தரவும் கமிட்டிக்கு அதிகாரம் உண்டு, காரணம் வலுவாக இருந்தால். உங்கள் நிலையில் நானாக இருந்தால் இந்தச் சிக்கலுக்குள்ளேயே போகமாட்டேன். பதினெட்டு நிறைந்தவர்கள் மட்டும் என்று வரையறையைச் சுருக்கி, இரண்டாமாண்டு மாணவிகளையும் சேர்த்துக்கொள்வேன். முதலாண்டில் வீட்டைப் பிரிந்து வரும் ஏக்கம்தான் உங்கள் ஆய்வின் உயிர் என்றால், கொஞ்சம் காத்திருந்து முறையாகப் பெற்றோரிடம் போங்கள். பெற்றோர் கூட்டத்தன்று ஒரு மேஜை போட்டு விளக்கினாலே போதும். அங்கேயும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: மகள் என்ன பதில் எழுதினாள் என்பது அவர்களுக்குக் காட்டப்படாது.

சின்ன வயதுக் கஷ்டங்கள் என்ற பகுதியைத் தொட எனக்கே தயக்கமாக இருக்கிறது. அதில் பாலியல் தொந்தரவு பற்றிக் கேள்வி இருந்து, பதினெட்டு நிறையாத ஒருத்தி "ஆமாம்" என்று எழுதினால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவு உங்கள் மேல் வந்து உட்காரும். அப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல் துறையிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. ஆனால் உங்கள் ஃபார்மின் முதல் பக்கத்தில் "உங்கள் பதில்கள் முற்றிலும் ரகசியமாக வைக்கப்படும்" என்று ஒரு வரி இருக்கும், எனக்குத் தெரியும். எல்லா ஃபார்மிலும் இருக்கிறது, ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்து ஒட்டுகிறார். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. தூக்கமும் செல்போனும்தான் கேள்வி என்றால் இந்தப் பகுதி எதற்கு? உங்கள் கருதுகோளில் அது இல்லை, அலசலிலும் வராது என்றால் எடுத்துவிடுங்கள். வந்த 46 பேரின் பதில்களில் அந்தப் பகுதியையும் இன்றே கைடோடு உட்கார்ந்து பாருங்கள்.

இதே கத்தரிக்கோலை மற்ற கேள்விகள் மேலும் போடலாம். துறை, ஆண்டு, சொந்த மாவட்டம், சாதிப் பிரிவு, அப்பாவின் தொழில் என்று ஐந்தையும் கேட்டுவிட்டு, பெயர் கேட்கவில்லை, அதனால் அடையாளம் தெரியாது என்கிறோம். உங்கள் விடுதியில் நீலகிரியிலிருந்து வந்து இயற்பியல் படிக்கும் பெண் எத்தனை பேர்? ஒருத்தி என்றால் அவள் பெயரை நீங்கள் எழுதிவிட்டீர்கள். பதிவு எண் கதையும் அதுதான். இரண்டு முறை நிரப்பாமலிருக்க வேறு வழிகள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு சீட்டு வீதம், பெயரோடு சேராத ஒரு எண்ணைக் குலுக்கி எடுக்கச் சொல்லலாம்.

ஆனால் அடையாளத்தை முழுக்க அழித்துவிட்டால், ஒன்பதாம் கேள்வியில் குறித்தவரைத் தேடிப்போக முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், இரண்டுக்கும் விலை உண்டு. தனியொரு மாணவி செய்யும் பிராஜெக்டுக்கு, பி.எச்.க்யூ-8ஐ வைத்துக்கொண்டு அடையாளமே வாங்காமல் இருப்பதுதான் பொருந்தும் என்பது என் கருத்து. கவுன்சிலர் உங்களோடு சேர்ந்து நின்று, பதில்களைத் தினமும் பார்க்கச் சம்மதித்தால் மட்டும் ஒன்பதைத் தொடுங்கள்.

தகவல் தாள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கமிட்டிகளுக்கு வரும் தகவல் தாள்கள் பெரும்பாலும் பத்திரப் பதிவு அலுவலக நடையில் இருக்கின்றன. "மேற்படி ஆய்வில் பங்கேற்பாளராகிய நான் எவ்விதக் கட்டாயமுமின்றி" என்று தொடங்கினால் யாரும் இரண்டாம் வரிக்குப் போகமாட்டார்கள். கமிட்டிக்காரர்கள் மேலும் தப்புண்டு. மூன்று பக்கத்துக்குக் குறைந்தால் ஏதோ விட்டுப்போனதாகவே சிலர் நினைக்கிறார்கள். எழுத்துப் பிழைக்கு அரை மணி நேரம் செலவழித்துவிட்டு, உதவிக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண்கூட இல்லாததைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்ட கூட்டத்தையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் இப்படி எழுதலாம்:

"நான் இதே கல்லூரியில் எம்.எஸ்சி. உளவியல் படிக்கிறேன். விடுதிக்கு வந்தபின் தூக்கமும் மனநிலையும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள இந்தக் கேள்விகளைக் கேட்கிறேன். பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். சில கேள்விகள் மனதைக் கஷ்டப்படுத்தலாம். பிடிக்காததை விட்டுவிடலாம், நடுவில் மூடிவிட்டும் போகலாம். நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும் உங்கள் மார்க்கிலோ விடுதியிலோ எந்த மாற்றமும் வராது. யார் நிரப்பினார்கள் என்பது வார்டனுக்கோ ஆசிரியர்களுக்கோ தெரியாது. பெயர் வாங்காததால், அனுப்பிய பிறகு உங்கள் பதிலை மட்டும் தேடி எடுத்து நீக்க என்னால் முடியாது. பேச யாராவது வேண்டும் என்று தோன்றினால் 14416."

அதன் கீழே "சரி", "வேண்டாம்" என்று இரண்டு பொத்தான். வேண்டாம் என்று தொட்டால் நன்றி சொல்லி ஃபார்ம் முடிந்துவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. லிங்க் விடுதிக் குழுவில் போகக் கூடாது. உணவுக்கூடத்தின் வாசலில் க்யூ.ஆர். ஒட்டிவிடுங்கள், விரும்புகிறவர் தன் போனில் எடுத்துக்கொள்ளட்டும். பதில் வேகமாக வராது. 200 வேண்டும் என்று நினைத்த இடத்தில் 90 வரலாம். அந்த 90ஐ வைத்து எழுதுங்கள்.

இப்போது கடிதம். வாங்காதீர்கள்.

அது பொய் என்பதை நீங்களே உணர்ந்துதான் கேட்கிறீர்கள், அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. நடைமுறையாகவே அது நிற்காது. உங்கள் ஷீட்டின் முதல் நெடுவரிசையில் ஒவ்வொரு பதிலுக்கும் தேதியும் மணியும் கூகுளே போட்டு வைத்திருக்கிறது. அனுமதிக் கடிதம் என்றால் எந்தக் கமிட்டி, பதிவு எண் என்ன, எந்தத் தேதியில் கூடியது, யார் யார் இருந்தார்கள் என்று ஜர்னல் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். இல்லாத கமிட்டி எப்படிக் கூடியிருக்கும்? அதற்குமேல், முதல்வரின் கையெழுத்துக்கு இந்த விஷயத்தில் மதிப்பே கிடையாது. நிறுவனத் தலைவர் கமிட்டிக்குள் இருக்கக் கூடாது என்பதே ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல். கட்டுரை வெளியாகிப் பின்னால் திரும்பப் பெறப்பட்டால் முதல் பெயராக இருப்பது உங்கள் பெயர்தான். கடிதம் கொடுத்தவர்கள் யாரும் உங்களோடு அப்போது இருக்கமாட்டார்கள்.

தேதியைத் திருத்தாமல், இன்றைய தேதியிலேயே நடந்து முடிந்த ஆய்வுக்கு அனுமதி வாங்கலாமா என்றும் தோன்றும். நடந்து முடிந்ததற்குக் கமிட்டிகள் அனுமதி தருவதில்லை. அதனால் இந்த 46 பதில்கள் கட்டுரைக்குள் வராது. கேள்விகள் புரிகின்றனவா, எந்த இடத்தில் ஆட்கள் நிறுத்திவிட்டுப் போனார்கள் என்று பார்க்கும் அளவுக்கு மட்டும் பயன்படும். அதற்காக அவசரப்பட்டு ஷீட்டை அழித்துவிடாதீர்கள். உதவி தேவைப்பட்டவர்களுக்கு உதவி போய்ச் சேர்ந்த பிறகு, கமிட்டியிடம் நடந்ததைச் சொல்லி, வைத்திருப்பதா அழிப்பதா என்று அவர்களையே கேளுங்கள். அதுவரை ஷீட்டைத் திறக்கும் அனுமதி உங்களுக்கும் கைடுக்கும் மட்டும் இருக்கட்டும். வார்டனுக்குப் பகிர்ந்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

எந்தக் கமிட்டியிடம் போவது? உங்கள் கல்லூரி இன்றைக்கே ஒன்றை அமைக்க ஆரம்பித்தாலும் உங்கள் பிராஜெக்டுக்குள் முடியாது. ஏழு முதல் பதினைந்து உறுப்பினர்கள் வேண்டும்; பாதிப் பேராவது வெளியாட்கள்; தலைவரும் வெளியாள். மருத்துவர், வழக்கறிஞர், சமூக அறிவியல் அறிந்தவர், இவை எதிலும் சேராத சாதாரணக் குடிமகன் ஒருவர் என்று வரிசை இருக்கிறது. அதன் பிறகு பதிவு. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்றதும் ஒரே இரவில் கமிட்டி அமைத்து, உறுப்பினர்களுக்கே தெரியாமல் ஃபைலில் வைத்துவிடும் கல்லூரிகள் இருக்கின்றன. அந்தக் கமிட்டிகளிடம் போகாதீர்கள். கமிட்டி இல்லாத நிறுவனம், ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வேறொரு நிறுவனத்தின் கமிட்டியை நாடலாம் என்று வழிகாட்டுதலே சொல்கிறது. உங்கள் பக்கத்தில் மருத்துவக் கல்லூரியோ செவிலியர் கல்லூரியோ இருக்கும். பழைய தேதிக் கடிதத்துக்குப் பதிலாக முதல்வரிடம் இந்தக் கடிதத்தைக் கேளுங்கள்: எங்கள் மாணவியின் ஆய்வை உங்கள் கமிட்டி பார்த்துத் தர வேண்டும் என்று அந்தக் கல்லூரிக்கு. கையெழுத்துப் போடச் சிரமமில்லாத கடிதம். கட்டணம் உண்டா, மாணவர்களுக்குக் குறைவா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கமிட்டிகள் மாதம் ஒரு முறையோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோதான் கூடும். ஏப்ரலில் சமர்ப்பிக்க வேண்டும் என்றால் ஜனவரிக்குள் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால், பிராஜெக்டை வெளிவந்த ஆய்வுகளின் முறையான தொகுப்பாக மாற்ற முடியுமா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களின் மனச்சோர்வு, தூக்கம் பற்றி வெளிவந்த கட்டுரைகளைத் தேடி, எந்த அளவுகோல், எத்தனை பேர், அவற்றில் எத்தனை கட்டுரை நெறிமுறை அனுமதியைச் சொல்கிறது என்று அட்டவணை போடுங்கள். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, தேர்வாளர்களுக்கும் படிக்கச் சுவையாக இருக்கும்.

இன்டர்னல் மார்க் பயம் எனக்குப் புரிகிறது, அது வெறும் கற்பனை என்று சொல்லமாட்டேன். ஆகவே மறுப்பதாகச் சொல்லாமல், மாற்றிக் கேளுங்கள். "சார், ஜர்னலுக்கு அப்புறம் அனுப்பலாம், இப்போ பிராஜெக்டை மட்டும் முடிச்சுக்கிறேன்" என்றால் அங்கே மோதல் இல்லை. உங்கள் கல்லூரியில் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயமா என்று பாடத்திட்டத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் கடிதத்தை நீட்டினால், "வேற காலேஜ் கமிட்டிக்கு அப்ளை பண்றேன் சார், இது தேவைப்படாது" என்று சொல்லிவிட்டு வாருங்கள். இரண்டையும் பேசி முடித்த அன்றே கைடுக்கு ஒரு சின்ன மெயில் போடுங்கள், "இன்று பேசியபடி" என்று தொடங்கி இரண்டே வரியில். பின்னால் யாராவது தேதி கேட்டால் காட்ட அது இருக்கும்.